ஆயிரத்தில் பன்னிரண்டு

ரோசன்டேல், விஸ்கான்சின்
12 அக்டோபர் 1980

அன்புள்ள அப்பாவுக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாக அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் நகரில் கரடிகளுக்கு நடுவே விமானம் பழுதுபார்த்து வரும் வெர்ன் கெசனிக் அவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: தங்கள் ஒரே புதல்வன் ஓரினின் மேலுதட்டில், இன்று காலை ஏழேகால் மணிக்கு நல்ல வெளிச்சத்தில் எண்ணியபடி, மீசை மயிர் பதினொன்று. பன்னிரண்டாவது வழக்கில் இருக்கிறது. அது சாக்லேட் கறை என்பது அம்மா தரப்பு வாதம்.

நானும் அம்மாவும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதா?

கராஜில் நம் விமானமும் நலம். உடம்பு மரத் தாங்கிகளின் மேல் படுத்திருக்கிறது. இறக்கைகள் கூரையில் தொங்குகின்றன. இருக்கை இரண்டு, பிடித்து ஓட்டும் தடி இரண்டு, எல்லாம் இரண்டிரண்டாக இருக்க, ஒன்றே ஒன்று இருக்க வேண்டிய என்ஜின் மட்டும் இல்லை. அந்த இடத்தில் பெரிய ஓட்டை. அதில் அம்மா உருளைக்கிழங்குக் கூடையை வைத்திருக்கிறார். இப்போதைக்கு அது கிழங்கில் ஓடும் விமானம்.

மார்ச்சில் நீங்கள் கிளம்பும்போது கார் ஜன்னல் வழியாகச் சொன்னதை நினைவுபடுத்துகிறேன். "பழைய என்ஜின் நல்லதா ஒண்ணு கண்டுபிடிடா. கிடைச்ச மறுநாளே வந்து பூட்டிடறேன். அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்கு நாம ரெண்டு பேரும் இதுலேயே போய் இறங்கறோம்." ஒரு குளிர்காலம் மட்டும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வருவதாகவும் சொன்னீர்கள். சாட்சி நான் ஒருவன்தான். ஆனால் சாட்சி கெட்டி.

போன மாதம் வந்த உங்கள் கடிதம் ஆறே வரி. அதில் இரண்டு வரி வானிலை. ஆகவே இந்த முறை விஷயத்தோடு வந்திருக்கிறேன். பிராக்னோ குடும்பத்துக் களஞ்சியத்தில் எண்பத்தைந்து குதிரைசக்தி என்ஜின் ஒன்று கிடக்கிறது. கணவர் இறந்து இரண்டு வருஷமாகிறது, விற்றுவிடலாம் என்று லுவெல்லா அம்மா சொல்கிறார்களாம். ஒரே சிக்கல்: அந்த என்ஜின் இருந்த விமானம் கடைசியாக இறங்கும்போது பனியில் மூக்கைக் குத்தி நின்றிருக்கிறது. விசிறி தரையில் பட்டிருக்கிறது. வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?

உடனே பதில் எழுதவும்.

இப்படிக்குத் தங்கள் மகன்,
பழைய இரும்பு ஆராய்ச்சித் துறைத் தலைவர்,
ஓரின்


ஃபேர்பேங்க்ஸ்
27 அக்டோபர் 1980

அன்பு ஓரின்,

நலம். நீயும் அம்மாவும் நலம்தானே? முதுகு பரவாயில்லை. பனி முழங்கால் வரை.

பிராக்னோவின் என்ஜினா! டேய், அந்த மனுஷன் தன் டிராக்டரையே பல் துலக்குகிற மாதிரி துடைப்பார். விடாதே. புது என்ஜின் வாங்குகிற பணத்தில் ஒரு வீடு வாங்கலாம். நம்மைப் போன்றவர்களுக்குப் பழசுதான் கதி. ஆனால் பழசில் பொய் நிறைய. உலோகம் பொய் சொல்லாது, விற்பவர்கள் சொல்வார்கள். நான் சொல்வதைக் கவனமாகக் கேள்.

முதலில் பராமரிப்புப் பதிவேட்டைக் கேள். பதிவேடு இல்லாத என்ஜின் வெறும் நங்கூரம். பிறகு ஒவ்வொரு சிலிண்டராகக் காற்றை எண்பது பவுண்டு அழுத்தத்துக்கு ஏற்று. எழுபதுக்கு மேல் நின்றால் சந்தோஷம், அறுபதுக்குக் கீழே போனால் சந்தேகம். எங்கே கசிகிறது என்று காது வைத்துக் கேள். புகைக்குழாயில் உஸ்ஸென்றால் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் உஸ்ஸென்றால் பிஸ்டன் வளையம். வால்வைச் சரி செய்யலாம். இரண்டு வருஷம் ஓடாமல் கிடந்திருக்கிறது, அதனால் ஒரு சிலிண்டரைக் கழற்றி உள்ளே துரு இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார். ஓடித் தேய்ந்ததைவிட உட்கார்ந்து துருப்பிடித்தது மோசம்.

எல்லாவற்றுக்கும் மேல், விசிறியைச் சுழற்றும் கிராங்க் தண்டு. விசிறி தரையில் பட்டால் அடி முழுவதும் தண்டுக்குத்தான் போகும். உன் கிளெட்டஸ் மாமாவிடம் டயல் கேஜை, அந்த முள் வைத்த அளவுமானியை, வாங்கிக்கொள். விசிறி பூட்டும் வட்டத் தட்டின் விளிம்பில் அதன் மூக்கை வைத்துக் கையால் மெல்லச் சுற்று. முள் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு வளைவு. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால், அதில் ஐந்துக்குள் ஆடினால் எடு. ஐந்தைத் தாண்டினால் விடு. பாவம் பார்க்காதே. வானத்தில் தண்டு முறிந்தால் ஓரமாக நிறுத்திப் பார்க்க இடம் கிடையாது.

கீழே படம் வரைந்திருக்கிறேன். பின் பக்கத்திலும் இருக்கிறது. இன்னும் இரண்டு தாள் தனியாக வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா


ரோசன்டேல்
16 நவம்பர் 1980

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். வீட்டில் அனைவரும் (இருவரும்) சுகம். அம்மாவுக்கு லேசான சளி. ஆலைக்கு லீவு போடச் சொன்னால் கேட்கவில்லை. உங்கள் கடிதம் நான்கு தாள், எட்டுப் பக்கம்! தபால்காரர் புத்தகம் என்று நினைத்துவிட்டார். எல்லாவற்றையும் நாலு தரம் படித்தேன். படங்களைக் கராஜ் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இனி தீர்ப்பு. நேற்று கிளெட்டஸ் மாமாவின் வண்டியில் போனோம். லுவெல்லா அம்மா என்ஜினுக்கு இரண்டு போர்வை போர்த்தி வைத்திருந்தார்கள். "என்னைக்கூட அவரு இப்படிப் போர்த்தி விட்டதில்லைப்பா" என்றார்கள். பதிவேடு பக்காவாக இருந்தது. காற்றுச் சோதனையில் நான்கு சிலிண்டர்களும் எழுபத்திரண்டுக்கு மேல். உள்ளே துரு இல்லை. கிளெட்டஸ் மாமா, "டேய் சுண்டெலி, இனிமே என்ன இருக்கு, தூக்கி வண்டியில போடு" என்று சொல்லிவிட்டு செர்ரி பை சாப்பிட வீட்டுக்குள் போய்விட்டார்.

ஆனால் பரிசோதகர் யார்? ஓரின் கெசனிக். பைக்கு மயங்குகிறவனா? தனியாக நின்று டயல் கேஜை மாட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டைச் சுற்றினேன். ஆயிரத்தில் பன்னிரண்டு! வளைந்தது தண்டு, நிமிர்ந்தது நான். பெரியவர்கள் எல்லாரும் ஏமாந்த இடத்தில் பதினாறு வயசுப் பையன் கண்டுபிடித்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே போய்ச் சொன்னேன். லுவெல்லா அம்மா, "விசிறி மெதுவாச் சுத்திட்டிருந்தப்பதான் பனியில பட்டுச்சு, ஒண்ணும் ஆகலைன்னு சொன்னாரே" என்றார்கள். அப்புறம், "சரி, எங்கிட்ட எல்லாத்தையுமா சொல்லியிருப்பாரு" என்றார்கள். கிளெட்டஸ் மாமா வழியெல்லாம் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே வந்தார். பை வயிற்றில் கனத்திருக்கும்.

ஆக, இது இல்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம், தேடுதல் தொடரும். கிறிஸ்மஸுக்கு வருகிறீர்கள்தானே?

இப்படிக்கு,
ஏமாறாக் கண்ணன்,
ஓரின்


ஃபேர்பேங்க்ஸ்
7 டிசம்பர் 1980

அன்பு ஓரின்,

நலம். அம்மாவுக்குச் சளி குறைந்ததா? வெந்நீரில் தேன் போட்டுக் குடிக்கச் சொல்.

பன்னிரண்டு என்றால் அதிகம்தான். ஆச்சரியமாக இருக்கிறது, ஆனால் கேஜ் சொன்னால் சொன்னதுதான். பத்து வருஷ மெக்கானிக்குகளே ஆசையில் கண்ணை மூடிக்கொள்ளும் இடம் அது. நீ மூடவில்லை. பெருமையாக இருக்கிறது.

மாற்று வழியும் பார். கார் என்ஜினை மாற்றிப் போட்டுப் பறக்கிறவர்கள் உங்கள் பக்கம் நிறைய. வோக்ஸ்வாகன் வண்டு கார் என்ஜின் மலிவு, காற்றில் குளிரும், உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். ஒன்று பார்த்துவிட்டு எழுது.

கிறிஸ்மஸுக்கு வர முடியாது. வேலை நிறைய. போன மாத நன்றித் திருநாள் விருந்துக்கு நாங்கள் வான்கோழிக்குப் பதில் மூஸ் மான் கறி சாப்பிட்டோம். உனக்குப் பிடித்திருக்கும். சின்னப் பார்சல் ஒன்று அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா


ரோசன்டேல்
4 ஜனவரி 1981

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நாங்கள் நலம். உங்கள் பார்சல் வந்தது. கையுறை அருமை, என் இரண்டு கையும் ஒரே உறைக்குள் போகிறது. வளர்ந்துவிடுவேன், கவலை வேண்டாம். அம்மாவுக்கு எதுவும் அனுப்ப மறந்துவிட்டீர்கள் போல. உங்கள் பெயரில் நானே ஒரு ஸ்கார்ஃப் வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உங்கப்பாவுக்குப் பச்சை பிடிக்கவே பிடிக்காது" என்றார். ஆனால் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பள்ளிச் செய்தி: தலைமையாசிரியரின் காரில் "விற்பனைக்கு. என்ஜின் தங்கம், ஓட்டுபவர் தகரம்" என்று அட்டை தொங்கியதாம். யார் என்று தெரியவில்லை. மூன்று நாள் வகுப்புக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள், யாரோ ஒருவனை.

வண்டு என்ஜின் ஒன்று ஃபான்ட் டு லாக்கில் பார்த்தேன். அறுபது குதிரை என்கிறார் விற்பவர். இரண்டு குதிரை எங்கோ மேயப் போயிருக்கலாம். கேட்டால் பிரமாதமாகப் பாடுகிறது. விவரம் எல்லாம் தனித் தாளில். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு சந்தேகம். "நாங்கள்" மான் கறி சாப்பிட்டோம் என்று எழுதியிருந்தீர்களே. நாங்கள் என்றால் யார்? நீங்களும் மானுமா?

இப்படிக்கு,
ஓரின்


ஃபேர்பேங்க்ஸ்
22 பிப்ரவரி 1981

அன்பு ஓரின்,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

உன் விவரத் தாளைப் பார்த்தேன். சுத்தமாக எழுதியிருக்கிறாய். அந்த என்ஜின் நல்லதாகத்தான் தெரிகிறது. ஆனால் வண்டு என்ஜின் ஓர் ஆளைத் தூக்கும். இரண்டு ஆளைத் தூக்காது. ஒருவர் மட்டும் பறப்பதானால் அது தாராளமாகப் போதும். யோசித்துப் பார்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அப்பா


ரோசன்டேல்
8 மார்ச் 1981

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இருவரும் சுகம். இந்த வாரத்தோடு நீங்கள் போய் ஒரு வருஷம்.

யோசித்துப் பார்த்தேன். நம் விமானத்தில் இருக்கை இரண்டு. ஆகவே வண்டு தள்ளுபடி.

இனி இந்த ஆண்டின் மிகப் பெரிய துப்பறியும் சாதனை. ஷெபாய்கனில் ஒருவர் அறுபத்தைந்து குதிரை என்ஜின் வைத்திருந்தார். புதுச் சாயம், பளபளவென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி. "பதினாலு வருஷப் பதிவேடு இருக்கு தம்பி, ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன்" என்றார். வாங்கிப் புரட்டினேன். பதினாலு வருஷமும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. பதினாலு வருஷத்தில் ஒரு காபிக் கறை இல்லை, ஓர் எண்ணெய் விரல் இல்லை! "ஐயா, இதை எழுதி முடிக்க ஒரு மதியம் ஆச்சா, ரெண்டு மதியமா?" என்று கேட்டேன். கிளெட்டஸ் மாமா என் காலரைப் பிடித்து இழுத்து வண்டியில் போட்டார். "உதை வாங்கப் பார்த்தியேடா" என்று திட்டினார். ஆனால் வழியெல்லாம் சிரித்தார்.

மறந்துவிட்டேன். உங்கள் போன கடிதத்தின் உறையில் விலாசம் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். "ஓ" எழுத்தெல்லாம் உருண்டையாக, பொம்மை மாதிரி. அம்மா அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் படி" என்று கொடுத்தார். கையில் ஏதாவது அடி பட்டிருக்கிறதா? எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் துப்பறிவாளன்,
ஓரின்


ரோசன்டேல்
26 ஏப்ரல் 1981

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலம்தானே?

போன கடிதம் தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அலாஸ்கா தூரம்தான். அதனால் சுருக்கமாகத் திரும்ப எழுதுகிறேன். வண்டு வேண்டாம். ஷெபாய்கன்காரர் திருடர். இப்போது ஒருவர் பனிச்சறுக்கு வண்டியின் என்ஜினைத் தருகிறேன் என்கிறார். அதற்குக் காற்று எவ்வளவு அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது? எண்பதேவா? படம் வரைந்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.

பனி உருகிவிட்டது. கராஜ் கதவைத் திறந்து வைத்தால் விமானத்தின் மேல் வெயில் படுகிறது.

கிளெட்டஸ் மாமா பிராக்னோ என்ஜினை இன்னொரு தரம் தானே அளந்து பார்க்கப் போவதாகச் சொன்னார். தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஓரின்


ஃபேர்பேங்க்ஸ்
7 ஜூன் 1981

அன்பு ஓரின்,

நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

உன் இரண்டு கடிதமும் வந்தன. தபாலில் எதுவும் தொலையவில்லை. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இதற்குப் படம் வரைய முடியாது.

நான் திரும்பி வரப்போவதில்லை. உன் அம்மாவுக்கு இதைப் பிப்ரவரியிலேயே எழுதிவிட்டேன். அவள் உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்று உன் கடிதங்களிலிருந்து தெரிந்தது. இங்கே எனக்கு ஒரு குடும்பம் ஆகிவிட்டது. அவள் பெயர் ஜெனீவா. உறையில் விலாசம் எழுதியது அவள்தான். என் கையில் அடி எதுவும் இல்லை.

விமானம் உன்னுடையது. விற்றாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி. பனிச்சறுக்கு வண்டியின் என்ஜின் மட்டும் வேண்டாம், அது நடு வானத்தில் நின்றுபோகும்.

என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் நியாயம்தான். எனக்கு ஒரே ஒரு ஆறுதல். பன்னிரண்டு இருந்தபோது பன்னிரண்டு என்று சொன்னவன் நீ. எத்தனை ஆசை இருந்தாலும் உன் கண்ணை யாராலும் ஏமாற்ற முடியாது. அந்த ஒன்றையாவது உனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்பா


ரோசன்டேல்
10 ஆகஸ்ட் 1981

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம். பிப்ரவரிக் கடிதத்தை ஏன் மறைத்தாய் என்று அம்மாவைக் கேட்டேன். "நீ தினம் அந்தப் படத்தையெல்லாம் பார்த்துட்டு நின்னியே, எப்படிடா சொல்றது?" என்றார். உங்கள் முதுகுவலியை விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது விசாரிக்க அங்கே ஆள் இருக்கிறது.

ஆஷ்காஷ் திருவிழா முந்தாநாள் முடிந்தது. கிளெட்டஸ் மாமாவோடு வண்டியில் போனேன். புல்வெளியில் கூடாரம் போட்டு மூன்று நாள் இருந்தோம். நம்முடையதைப் போலவே ஒன்று மஞ்சள் நிறத்தில் வந்து இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு மனுஷனும் அவர் மகளும் இறங்கினார்கள். அந்தப் பெண்ணுக்குப் பத்து வயசு இருக்கும். இறங்கியதும் வாந்தி எடுத்தாள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். என்ன என்ஜின் என்று கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை.

இனி விஷயம். உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் கழித்து சைக்கிளில் லுவெல்லா அம்மா வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர்கள் கையில் இருந்த பாத்திரத் துணியால் என் தலையில் ஓர் அடி போட்டார்கள். அப்புறம் உட்கார்ந்துகொண்டு, "அப்போ அவரு எங்கிட்ட பொய் சொல்லலை" என்றார்கள். ஏழு மாதம் அந்த அம்மா இறந்துபோன புருஷனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள், என்னால். "உங்கப்பா வரலியாப்பா?" என்று கேட்டார்கள். வரவில்லை என்றேன். போன மாதம் அயோவாக்காரர் ஒருவர் வந்து சொந்தக் கேஜை வைத்து அளந்து பார்த்து, அந்த என்ஜினை வாங்கிக்கொண்டு போனார். அவர் அளந்தபோது ஆயிரத்தில் ஒன்றரை.

நான் அளந்தபோதும் ஒன்றரைதான் அப்பா.

அந்தப் பன்னிரண்டு நான் இட்டுக்கட்டியது. ஆகவே என் கண்ணைப் பற்றி எழுதியிருந்த ஆறுதலைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். (ஷெபாய்கன் திருடரைப் பிடித்தது மட்டும் நிஜம். அதையாவது என் பெயரில் விட்டுவைக்கவும்.)

கையில் கேஜோடு அந்தக் களஞ்சியத்தில் நின்றபோது எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு நிமிஷம்தான். என்ஜின் கிடைத்த மறுநாளே வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். கிடைத்துவிட்டது என்று எழுதி, அதற்கப்புறமும் நீங்கள் வராவிட்டால் என்ன செய்வது என்று திடீரென்று பயம் வந்துவிட்டது. கிடைக்கவில்லை என்றால் அந்தப் பயம் இல்லை. என்ஜின் இல்லை, அதனால் அப்பா வரவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. என்ஜின் என்றால் எட்டுப் பக்கம் எழுதினீர்கள். மற்றதற்கெல்லாம் ஆறு வரி.

நான் செய்த குறும்புகளிலேயே ரொம்ப நாள் ஓடியது இதுதான். பள்ளியில், கடையில், யார் கேட்டாலும் "என்ஜின் கிடைச்சதும் எங்கப்பா வந்துடுவாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. நம்பினது நான் ஒருத்தன்தான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஓரின்